வேனுக்குள் இரண்டு கம்பெனி

பாண்டீஸ்வரனிடம் எதைக் கேட்டாலும் ஒப்பிட்டுத்தான் சொல்வான். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு எந்தப் பஸ் நல்ல பஸ் என்று அவசரத்தில் அவனிடம் கேட்டவர் தொலைந்தார். சீட்டுக்கு எது, பாட்டுக்கு எது, வேகத்துக்கு எது என்று அவன் தனித்தனியாக எடை போட்டு முடிப்பதற்குள் இரண்டு பஸ்ஸும் போய்விடும். மொத்தத்தில் எதுதான் நல்லது என்று எரிச்சலோடு கேட்டால், "மொத்தத்துலன்னு ஒண்ணு கெடையாதுண்ணே, எதுலன்னு கேளுங்க" என்பான். நாற்பத்தொரு வயதாகிறது. அவன் மனைவி சுமதி அவனிடம் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது.

இந்தக் குணம் அவனுக்குச் சென்னையில் வந்தது. பெரிய கடை வளாகம் ஒன்றின் மாடியில் இருந்த தியேட்டரில் பதினான்கு வருடம் வேலை பார்த்தான். டிக்கெட்டைக் கிழிப்பது, இருட்டில் டார்ச் அடித்து இடம் காட்டுவது, படம் விட்டதும் உள்ளே போய்க் கூட்டுவது. எந்தப் படமானாலும் முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும் அவனுக்குப் பாடம். நடுவில் என்ன நடந்தது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. அமெரிக்காக்காரர்களின் சூப்பர் ஹீரோ படங்கள் வரிசை கட்டி வந்தபோது அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மார்வெல் கம்பெனிப் படம் என்றால் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் முழுதும் முடிகிறவரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு துண்டுக் காட்சி வரும் என்று ஊருக்கே தெரியும். வெளியே அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டம் கதவை முட்டிக்கொண்டு நிற்க, இவன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்க வேண்டும். டி.சி. கம்பெனிப் படத்துக்கு அவ்வளவு தொல்லை இல்லை. விளக்கைப் போட்டதும் பாதிப் பேர் படியிறங்கியிருப்பார்கள், நிம்மதியாகக் கூட்டலாம். ஆக அவன் போட்ட முதல் ஒப்பீடு, கூட்டுவதற்கு எந்தக் கம்பெனி அதிக நேரம் தருகிறது என்பதுதான். அதில் டி.சி. ஜெயித்தது.

துடைப்பத்தோடு நின்று நின்றே அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது. அப்படி எதற்காக இத்தனை பேர் ஒன்றுக்கும் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் கிழிந்த ஆங்கிலப் படக்கதைகளைத் தேடினான். இங்கிலீஷ் அவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் காலை வாரிய பாடம். அகராதியைத் தொடையில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் படித்தான். டி.சி. நாலைந்து வருடம் மூத்த கம்பெனி என்று தெரிந்துகொண்டான். புத்தகத்தில் சோப்ளாங்கியாக இருக்கிறவன் படத்தில் பிய்த்து உதறுகிறான், புத்தகத்தில் கண்ணில் தண்ணீர் வரவைத்த கதை படத்தில் சப்பென்று போகிறது என்று கண்டான். பிறகு கார்ட்டூன், பிறகு டிவி தொடர், பிறகு போனில் விளையாடும் விளையாட்டு. ஒவ்வொன்றிலும் எடை வேறு மாதிரி நின்றது. தன் கூட வேலை பார்த்தவர்கள் கட்சி, சாதி, கிரிக்கெட் என்று அடித்துக்கொண்டபோது அவனுக்கு இந்த ஒரு சண்டை போதுமானதாக இருந்தது. இதில் யார் தோற்றாலும் யார் வீட்டிலும் சோறு குறையாது என்பது அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

கொரோனாவில் தியேட்டரை மூடினார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில் உள்ள ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள், சொல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் தங்கள் ஊர்தான் என்று நினைப்பார்கள். இரண்டாவதே நல்லது. பள்ளிக்கூடங்கள் திறந்ததும் அருப்புக்கோட்டை ரோட்டில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேன் டிரைவர் வேலை கிடைத்தது. சம்பளம் பெரிதில்லை. ஆனால் டிரைவர் பிள்ளைக்கு அங்கே படிப்பு இலவசம். பாண்டீஸ்வரனுக்கு ஒரே மகள். அவன் அம்மா சங்கரம்மாள் பேரை வைத்து, பள்ளிக்கூடத்துக்காகச் சங்கரி என்று சுருக்கியிருந்தான். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பது அந்த ஸ்டியரிங்கை அவன் பிடித்திருக்கும்வரைதான். இதை அவன் ஒருநாளும் மறந்ததில்லை.

வேன் முதலில் கீழத்தெருவில் நிற்கும். அது பாண்டீஸ்வரன் தெரு, ஒரு காலத்தில் கூலிக்குப் போனவர்களின் தெரு. இப்போது அங்கே நர்ஸ் இருக்கிறாள், மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர் இருக்கிறார், சிங்கப்பூர்க்காரன் இருக்கிறான். அடுத்து மேலத்தெரு, நிலம் வைத்திருக்கிறவர்கள் தெரு. வேலை ஏற்ற மூன்றாம் நாள் பாண்டீஸ்வரன் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒன்றைக் கவனித்தான். கீழத்தெருப் பிள்ளைகள் முன்னால் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துவிடும். வேன் மேலத்தெரு வேப்பமரத்தை நெருங்கும்போது ஒவ்வொன்றாக எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடும். யாரும் அதட்டவில்லை. யாரும் சொல்லிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. எட்டு வயதுச் சங்கரியும் எழுந்து போனாள். அன்று அவன் வேப்பமரத்தடியில் பிரேக்கைச் சற்றுப் பலமாக மிதித்துவிட்டான்.

"மாறி உக்காருங்க" என்று சொல்ல அவனால் முடியாது. சொன்னால் மறுநாள் வேறு டிரைவர் வருவான். நாலு நாள் யோசித்து, ஐந்தாம் நாள் வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, "மார்வெலா, டி.சி.யா?" என்று கேட்டான். டிவியில் தமிழ் பேசும் படத்தையும் கார்ட்டூனையும் பார்த்து வளரும் பிள்ளைகள்தானே, வேன் ரெண்டுபட்டுக் கத்தியது. "அப்படிக் கத்துனா யாருக்கு வெளங்கும்? மார்வெல் எல்லாம் இந்தப் பக்கம், டி.சி. எல்லாம் அந்தப் பக்கம். இனிமே வாதம்தான்" என்றான். முன் பின் என்று பிரிந்திருந்த வேன் இடம் வலம் என்று பிரிந்தது. இரண்டு தெருப் பிள்ளைகளும் இரண்டு பக்கமும் கலந்து கிடந்தன. அவன் வாழ்க்கையில் செய்த ஒரே தந்திரம் அதுதான், அதுவும் பலித்தது.

ஒரு வாரம் படம், மறு வாரம் கார்ட்டூன். புத்தக வாரத்தில் வீட்டிலிருந்து தன் கிழிந்த புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னான். டிவி தொடர் வாரத்தில் பிள்ளைகள் ஒருவரும் எதையும் பார்த்திருக்கவில்லை. இவனே கதை சொன்னான், பாதி அவன் சொந்தச் சரக்கு. சிவப்புக் கம்பெனி, நீலக் கம்பெனி என்று பிள்ளைகளே பேர் வைத்துக்கொண்டார்கள். அந்தந்தக் கம்பெனியின் சின்னத்தில் இருந்த நிறம் அது.

வாதத்தில் இரண்டு பேரை யாரும் அடிக்க முடியாது. ஒருத்தி சங்கரி, சிவப்பு. இன்னொருத்தி சத்யபிரியா, நீலம். மேலத்தெருவில் நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் இருளப்பசாமியின் மகள். இரண்டும் ஒரே வகுப்பு. நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, மூன்றாவது வரிசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளும்.

"படம் படம்னு அதையே பிடிச்சுத் தொங்காத. கார்ட்டூனுக்கு வா. கார்ட்டூன்ல எங்க கம்பெனியை அடிக்க ஆளு இருக்கா?" என்பாள் சத்யபிரியா.

"தேட்டர்ல யாருக்குக் கூட்டம் கூடுது? அதைச் சொல்லு மொத."

"கூட்டம் கூடுனா நல்லதா? கறிக்கடையிலயுந்தான் ஞாயித்துக்கெழமை கூட்டம் நிக்குது. அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே."

அண்ணே என்று அவனைக் கூப்பிட்டது மேலத்தெருவில் அவள் ஒருத்திதான். பாண்டீஸ்வரன் கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்வான். தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த விஷயத்தில் இது, அந்த விஷயத்தில் அது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐகோர்ட்டு நீதிபதி தோற்றார். மூன்று வருடம் இப்படிப் போனது. வேனுக்குள் எப்படி உட்கார்கிறார்கள் என்பது இரண்டு தெருவிலும் யாருக்கும் தெரியாது. வீட்டில் சொல்லக்கூடாது என்று யாரும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு பிள்ளையும் சொல்லவில்லை.

கெட்டது அவன் நியாய புத்தியால்தான் வந்தது. வாதத்தில் தோற்கிற நேரம் பார்த்துச் சில பிள்ளைகள் நைசாக அந்தப் பக்கம் தாவிவிடுவார்கள். "அண்ணே, இவன் கட்சி மாறிட்டான், நேத்து செவப்பு" என்று தினமும் புகார். ஒரு வெள்ளிக்கிழமை பாண்டீஸ்வரன் அருப்புக்கோட்டையில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் ரப்பர் வளையம் வாங்கினான். மணிக்கட்டில் மாட்டுகிற வளையம், ஒரு டஜன் சிவப்பு, ஒரு டஜன் நீலம். சாயங்காலம் வேனில் பிள்ளைகளுக்குக் கொடுத்து, "மாட்டுனது மாட்டுனதுதான். இந்த வருசம் முடியிறமட்டும் கழட்டப்படாது" என்றான்.

இந்தச் சீமையில் பிறந்த ஒருவன், கையில் மாட்டுகிற நிறத்துக்கு இங்கே என்ன அர்த்தம் என்று தெரியாமல் இதைச் செய்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரியும். எல்லாருக்கும் தெரிவதுபோல் அவனுக்கும் தெரியும். கையில் கலர் கயிறு கட்டி வரக்கூடாது என்று பள்ளிக்கூடச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, தினமும் அதற்கு நேரேதான் வேனை நிறுத்துகிறான். ஆனால் பதினைந்து வருடமாகச் சிவப்பு என்றால் ஒரு கம்பெனி, நீலம் என்றால் ஒரு கம்பெனி என்றே அவன் மண்டை பழகியிருந்தது. நீலம் கீழத்தெருக் கொடிக்கம்பத்தில் பறக்கிற நிறம் என்பது அந்த ஃபேன்ஸி ஸ்டோரில் நின்றபோது அவன் நினைவுக்கு வரவே இல்லை. கொடிக்கம்பத்தைத் தாண்டித்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இருளப்பசாமி வீட்டில் கிடா வெட்டு. சொந்தபந்தம் அத்தனையும் பந்தியில் உட்கார்ந்திருக்க, சத்யபிரியா தண்ணீர் டம்ளர் வைத்துக்கொண்டு வந்தாள். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த பெரியப்பன் முறைக்காரர் ஒருவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதை யாரு தாயி கட்டிவிட்டா?"

"வேன் டிரைவரண்ணன்."

"எந்தத் தெரு அண்ணன்?" என்றார் அவர். யாரோ அவள் கையைப் போட்டோ எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது நாலு ஊர் போனில் ஓடியது.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கியதும் பள்ளிக்கூடத் தாளாளர் செல்வக்குமார் கூப்பிடுவதாக ஆள் வந்தது. உள்ளே இருளப்பசாமி உட்கார்ந்திருந்தார். அடிக்கிற ஆள் இல்லை, சத்தம் போடுகிற ஆளும் இல்லை. ராத்திரி முழுதும் தூங்காதவர்போல் கண் சிவந்திருந்தார்.

"என்னப்பா இது?" என்று நீல வளையத்தை மேசைமேல் வைத்தார்.

"சார், அது கம்பெனிக் கலர் சார். அமெரிக்காவுல ரெண்டு கம்பெனி இருக்கு. படக்கதை போடுற கம்பெனி. ஒண்ணு செவப்பு, ஒண்ணு நீலம். பிள்ளைக வெளையாட்டுக்கு..."

"அமெரிக்கா கெடக்கட்டும். எம்பிள்ளைக்கு நீலத்தைக் கொடுத்தது யாரு?"

"பாப்பாவாத்தான் எடுத்துச்சு சார். அதுக்கு அந்தக் கம்பெனிதான் இஷ்டம்."

"உம்பிள்ளைக்கு?"

"செவப்பு."

தாளாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இருளப்பசாமி வளையத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல, "சரி, நீயே சொல்லு. ரெண்டுல எது ஒசத்தி?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் எந்த மடையனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். பாண்டீஸ்வரன் மடையன் இல்லை, அதுதான் அவன் கேடு. பதினைந்து வருடமாக யாராவது பெரிய மனிதர் தன்னிடம் இதைக் கேட்க மாட்டாரா என்று காத்திருந்த ஆள் அவன். வாய் தானாகத் திறந்துகொண்டது. "எதுலன்னு பாக்கணும் சார். படத்துல செவப்புத்தான். ஆனா கார்ட்டூன்ல, பழைய கதைகள்ல எல்லாம் நீலம் ஒரு படி மேலதான். அது மூத்த கம்பெனி..."

சொல்லும்போதே அவனுக்குக் காது கேட்டது, தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று. நாக்கு நிற்கவில்லை.

"நீலம் ஒரு படி மேல" என்று இருளப்பசாமி மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "கேட்டீங்களா சார்? நீலந்தான் மூத்ததாம்."

"அய்யா, நான் அதைச் சொல்லலை அய்யா." சார் போய் அய்யா வந்துவிட்டது. சென்னையில் பதினான்கு வருடம் அந்தச் சொல்லை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார் இருளப்பசாமி. "பிள்ளைக வெளையாடுச்சுன்னு எனக்கும் வெளங்குது. எம்மகளும் அழுதுக்கிட்டே இதைத்தான் சொல்லுது. ஆனா எங்க ஆளுககிட்ட நான் என்னன்னு சொல்ல? கம்பெனின்னா? நேத்துலருந்து போனை எடுக்க முடியலை. அவுக சொல்றாக, வேன்ல எம்மகளும் மத்த பிள்ளைகளும் கலந்துகட்டி உக்காந்து போகுதாமே, மொத அதைக் கேளுன்னு."

தாளாளர் முடித்துவைத்தார். மேலத்தெருவிலிருந்து மட்டும் பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள், அத்தனையும் நின்றால் வேனையே நிறுத்த வேண்டியதுதான். வளையங்களை எல்லாம் பிடுங்கிப் போட வேண்டும். வேனில் கம்பெனிப் பேச்சே கூடாது. பிள்ளைகள் முன்பு உட்கார்ந்த மாதிரியே உட்கார வேண்டும். "நான் யாரையும் பிரிக்கச் சொல்லலை" என்று தாளாளர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "பழையபடின்னுதான் சொல்றேன். ஒங்க மக ஆறாவதுல நல்லாப் படிக்குதுன்னு டீச்சர் சொன்னாங்க."

கடைசி வாக்கியம் எதற்காக என்று பாண்டீஸ்வரனுக்குப் புரிந்தது. "சரிங்கய்யா" என்றான். வேறு என்ன சொல்வான்? வண்டியை விட்டு இறங்கி நடந்திருக்கலாம் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம்.

அன்று ராத்திரி சுமதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "யாரு மேல கோபப்படன்னே தெரியலைங்க" என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அவன்மேல்தான் கோபம். பயந்து அடங்கியதற்காகக்கூட இல்லை, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதற்காக.

செவ்வாய்க்கிழமை காலை கீழத்தெருவில் பிள்ளைகள் ஏறினார்கள். சங்கரி வழக்கம்போல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். வேப்பமரம் தெரிந்தது. இந்தத் தடவை தானாக யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று வருடத்தில் மறந்துவிட்டிருந்தார்கள். பாண்டீஸ்வரன் வேனை நிறுத்தி, எழுந்து திரும்பி நின்றான்.

"பின்னாடி போங்க எல்லாரும்."

"ஏம்பா?" என்றாள் சங்கரி.

"போன்னா போ."

"எந்தப் பக்கம்ப்பா, செவப்பு..."

"பக்கமெல்லாம் கெடையாது. கடைசி சீட்டுக்குப் போ." அவளிடம் அவன் அந்தக் குரலில் ஒருநாளும் பேசியதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் தானாக எழுந்துபோனபோது அவனுக்கு நெஞ்சு வலித்தது. இப்போது அவனே எழுப்பி அனுப்பினான். அவனுக்கு முன்பிருந்த டிரைவர்கள் யாரும் செய்யாததை அவன் வாயாலேயே செய்ய வைத்துவிட்டார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகளும் போனார்கள்.

மேலத்தெருவில் சத்யபிரியா ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவனை அண்ணே என்றும் கூப்பிடவில்லை, டிரைவர் என்றும் கூப்பிடவில்லை. பாட்டுப் போட்டுவிட்டான். அதன்பிறகு வேனில் தினமும் பாட்டுத்தான். முதல் வாரம் பின்சீட்டிலிருந்து ஒன்றிரண்டு குரல் கார்ட்டூன், படம் என்று எழும்பிப் பார்த்தது. அவன் பாட்டின் சத்தத்தைக் கூட்டினான். பிறகு அதுவும் நின்றது. பிள்ளைகள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான். அவ்வளவு சீக்கிரம் பழகாமல் இருந்திருக்கலாம் என்று பாண்டீஸ்வரனுக்குத் தோன்றும்.

பரீட்சை முடிந்து, லீவு முடிந்து, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. சங்கரி ஏழாம் வகுப்புக்குப் போனாள். அவள் இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். எல்லாவற்றையும் கொடுத்து அவன் காப்பாற்றியது அந்த ஒன்றைத்தான், அது மிஞ்சியது.

திறந்த அன்று வேப்பமரத்தைத் தாண்டி, இரண்டு தெருவுக்கும் பொதுவான ரோட்டு முக்கில் ஒரு புதுப் பிள்ளை ஏறியது. எல்.கே.ஜி. நான்கு வயதிருக்கும். கழுத்தில் தண்ணீர்ப் பாட்டிலை மாட்டிக்கொண்டு வேன் நடுவில் நின்று, எங்கே உட்காருவது என்று தெரியாமல் விழித்தது. உதடு பிதுங்கியது, அழப்போகிறது. பாண்டீஸ்வரன் திரும்பினான். அவனுக்கு வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை. அதற்குள் கடைசி சீட்டிலிருந்து சங்கரி எழுந்து வந்து, அந்தப் பிள்ளை முன்னால் குனிந்து, கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுகாத பாப்பா. நீ எந்தத் தெரு?"

பிள்ளைக்குத் தெரியவில்லை.

"சரி, ஒங்கப்பா பேரு என்ன, சொல்லு பாப்போம்?"

"வெள்ளத்துரை."

"ஆங், அப்ப நீ முன்னாடி" என்றாள் சங்கரி. கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், சத்யபிரியாவுக்குப் பக்கத்தில் தூக்கி உட்காரவைத்தாள். பாட்டில் வார் சிக்கியிருந்ததை எடுத்துவிட்டாள். பிறகு கடைசி சீட்டுக்குத் திரும்பிப் போய், எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாரும் அவுகவுக எடத்துல உக்காந்தாச்சுப்பா, வண்டியை எடுங்க" என்றாள்.